வேம்படியில் நடந்த என் பாடம்

தொண்ணூறுகளின் பின்பாதியில், கோவில்பட்டியில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். காற்று கரிசல் புழுதியை அள்ளிவந்து சன்னலில் கொட்டும். பிள்ளைகளின் முகம், கரும்பலகை, என் குரல் எல்லாமே தூரத்தில் எங்கோ மிதப்பதுபோல் இருக்கும்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. தமிழ் பேசி மாட்டிக்கொள்ளும் பிள்ளையின் கழுத்தில், கயிறு கோத்த மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிடுவோம். வேறு யாராவது தமிழ் பேசினால் அந்தப் பிள்ளை அதைக் கழற்றி அவருக்கு மாட்டிவிடலாம். சாயங்கால மணி அடிக்கும்போது கட்டை யாரிடம் இருக்கிறதோ, அவர் அலுவலக வாசலில் முட்டி போட வேண்டும்.

அந்த ஆண்டு புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, அதுவரை தமிழில் படித்த ஒரு பெண் சேர்ந்தாள். தகப்பனாருக்கு ஆடு மேய்ப்பு. "இங்கிலீசு மட்டும் வந்துட்டா எம்பிள்ள பொழச்சுக்கிடும் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சரிப்படாவிட்டால் காலாண்டோடு அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் தலைமையாசிரியர் அவளைச் சேர்த்திருந்தார்.

வகுப்பில் அவள் வாய் திறந்ததில்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தால் கட்டை அவள் கழுத்தில்தான் கிடக்கும். திமிர் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் என் வகுப்பில் பாதி, கட்டையும் கழுத்துமாக இருந்த அந்தப் பெண்ணைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"ஏட்டி, வேருல உள்ள தண்ணி மரத்து உச்சிக்கு ஏறுதுன்னு சார் சொன்னாவள்ளா, அது எப்படிட்டி ஏறும்?"

"விளக்குத் திரி எண்ணெய இழுக்குதுல்லாலே, கொஞ்சம் அது மாதிரின்னு வச்சுக்கோ."

"கட்டய மாட்டுனா மூளையும் வளருமோட்டி? எனக்கும் ஒருநா தா!"

ஒரே சிரிப்பு. அவள் சொன்னாள்: "இது எங்கிட்டயே கெடக்கட்டும். நீங்க பேசுங்க."

அப்போதுதான் விளங்கியது. கட்டையை அவள் யாருக்கும் மாட்டுவதில்லை. அதனால் அவள் பக்கத்தில் மட்டும் எல்லாரும் பயமில்லாமல் பேசினார்கள். காலையில் நான் ஆங்கிலத்தில் நடத்தி, ஒருவரும் ஒரு கேள்வி கேட்காத பாடம், அங்கே தமிழில் மறுபடி நடந்துகொண்டிருந்தது. வேப்பம்பழ வாசனையும் அந்தக் குரல்களுமாகக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவு இனிமையாக என் பாடத்தை நானே கேட்டதில்லை.

பிறகு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய், புதிதாக வந்த பெண் வகுப்பையே தமிழுக்கு இழுக்கிறாள் என்று சொன்னேன். விதிக்காகச் சொல்லவில்லை. என்னிடம் கேட்காததை அவளிடம் கேட்கிறார்களே என்ற பொறாமையில் சொன்னேன்.

தலைமையாசிரியர் காலாண்டு வரைகூடக் காத்திருக்கவில்லை. தகப்பனார் வந்தார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "பேசுனதுக்கா சார் அனுப்புதிய?" என்றார். நான் காற்றில் படபடத்த சன்னலைச் சாத்தப் போனேன். திரும்பியபோது இருவரும் புழுதிக்குள் மங்கலாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் வேம்படியில் யாரும் உட்காரவில்லை. வகுப்பிலும் சத்தமில்லை. அந்த அமைதியை என்னால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியவில்லை. கட்டையை வாங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டினேன். முதலில் தமிழில் பேசிப் புரிந்துகொள்ளுங்கள், பிறகு ஆங்கிலத்தில் எழுதலாம் என்றேன். பிள்ளைகள் நன்றாக எழுதினார்கள். மதிப்பெண்ணைப் பார்த்துத் தலைமையாசிரியரே என்னைப் பாராட்டினார். அந்த வழி யாருடையது என்று நான் சொல்லவில்லை. புதூர் பஸ் தினமும் பள்ளி வாசல் வழியாகத்தான் போகும். அவளைத் தேடி நான் ஒரு நாளும் அதில் ஏறவில்லை.

பழைய மாணவர்கள் இன்றும் தெருவில் பார்த்தால், "சார், நீங்க நடத்துனது அப்படியே மனசுல நிக்கி" என்கிறார்கள். அதைச் சொல்லிக்கொடுத்த பிள்ளையை நான்தான் வெளியே அனுப்பினேன் என்பதை அவர்களிடம் சொல்ல இந்த வயதிலும் எனக்கு வாய் வரவில்லை.