பெல்ட்டைக் கழற்றி ஓட்டிய எஞ்சின்

டீசல் வாடையும் சின்ன வெங்காயத்தின் நெடியும் கலந்து எங்கே வந்தாலும், வாலிகண்டபுரத்தில் எங்கள் கிணற்றடிதான் எனக்குக் கண்ணில் வந்து நிற்கிறது. அப்பா "மிஷினு" என்று கொஞ்சும் ஆயில் எஞ்சின் ஒன்று அங்கே வெங்காயக் கொல்லைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. பெற்ற எங்களைக்கூட அவர் அப்படித் துடைத்து வைத்ததில்லை.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்த செல்வி அக்கா, ஒரு லீவில் அதன் திறனைக் கணக்கிடக் கிளம்பினாள். அடுத்து இன்ஜினியரிங் காலேஜில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. "கணக்கப் போட்டுக் காட்டுனா அப்பா ஒத்துக்குவாருடி" என்றாள் என்னிடம். குளுக்கோஸ் பாட்டிலில் டீசலை அளந்து ஊற்றி, தண்ணீர் இறைக்கும்போது எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது, பெல்ட்டைக் கழற்றிவிட்டு அதே வேகத்தில் சும்மா ஓட்டினால் எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்தாள். சும்மா ஓடக் குடிப்பதெல்லாம் உள்ளே நடக்கும் உராய்வுக்குத்தான் போகிறது என்பது கணக்கு.

"மூணுல ஒரு பங்க மிஷினே தின்னுருதுப்பா" என்றாள் பெருமை பொங்க. எந்த எஞ்சினானாலும் கொஞ்சம் அப்படித்தான் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், வீட்டுப் பிள்ளைக்குத் திருட்டுப் பட்டம் கட்டியதுபோல அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

லீவு முடிந்து அவள் பாலிடெக்னிக்குக்குத் திரும்பிய பிறகு, அந்த உராய்வை ஒழித்துக்கட்டியே தீருவதென்று, டிராக்டர் கியருக்கு ஊற்றும் கெட்டி ஆயிலை எஞ்சினுக்குள் தாராளமாக ஊற்றி ஓட்டினார் அப்பா. கெட்டி ஆயில் பேரிங்குக்கு ஏறவில்லை. மிஷினு புகையைக் கக்கி, கிறீச்சிட்டு, இறுகி நின்றுவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். காய் பருக்கும் நேரத்தில் தண்ணீரில்லாமல் வெங்காயத் தாள் சுருண்டது.

"கணக்குப் பாக்கப் போயி மிஷினே போச்சு. படிச்ச வரைக்கும் போதும்" என்றார். ஆயில் ஊற்றியது யார் என்று கேட்க வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. டிப்ளமா முடிந்த கையோடு அக்கா விக்கிரமங்கலத்துக்கு மருமகளாகப் போனாள்.

இப்போது கிணறு வற்றி, போர் போட்டாயிற்று. போன மாதம் போர் மோட்டாரை மாற்ற வேண்டி வந்தபோது, மெக்கானிக் சொன்ன எதையும் நம்பாமல், "செல்வியக் கேளு. அவ கணக்கு தப்பாது" என்றார் அப்பா. இத்தனை வருஷமாக அவர் வாயிலிருந்து வராத சொல் அது. போனில் அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன்.

"அந்த மிஷினு இன்னும் கெடக்காடி?" என்று கேட்டாள்.

பழைய இரும்புக்குப் போட்டுப் பல வருஷமாகிறது என்றேன்.

"சரி, போரு எத்தன அடின்னு சொல்லு" என்றாள்.