சூளகிரியில் சொன்ன ஒரு பொய்யும் நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டரும்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை 5.10க்கு பெங்களூர் ஜோகுபாளையத்திலிருந்து கிளம்பினோம். இரண்டு பேர், இரண்டு சைக்கிள். கிருஷ்ணகிரி அணை வரை 95 கிலோமீட்டர் போய், அங்கே கூடாரம் போட்டுத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாகத் திட்டம். காரணம், அன்பு கூடாரம் வாங்கிவிட்டான் என்பதுதான். பழையது, 1,850 ரூபாய். அன்பு என் பள்ளித் தோழன், கோலார் தங்கவயல்காரன், பீன்யாவில் லேத் ஓட்டுகிறான். ஒரு பொருளை வாங்கிவிட்டு அதற்குத் தகுந்த வாழ்க்கையைப் பிறகு தேடுவது அவன் வழக்கம்.

பெங்களூரைவிட்டு வெளியேறும் வழி கேட்டு எழுதுகிறவர்களுக்கு: ஓசூர் சாலை மேம்பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கீழே அனுமதி உண்டு, சாலைதான் இல்லை. முதல் 20 கிலோமீட்டருக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. அத்திப்பள்ளியில் பஞ்சர், 35 நிமிடம். ஓசூரில் இட்லி சாப்பிடும்போது மணி பத்தரை. அதன்பின் வந்த மேடுகளில் அன்புவின் கெண்டைக்கால் இரண்டு முறை பிடித்துக்கொண்டது. மாலை 4.15க்கு சூளகிரி. மொத்தம் 65 கிலோமீட்டர். அணையை அடுத்த பிறவிக்கு ஒத்திவைத்தோம்.

இடம் கேட்டு அலைந்தோம். பெட்ரோல் பங்க் மேனேஜர், "டென்ட்டா? ஓனர் பாத்தா என்னத் தொலைச்சிடுவாரு சார்" என்றார். கல்யாண மண்டபத்துக் காவலாளி, எந்த வீட்டுக்காரர்கள் என்று கேட்டார். எந்த வீடும் இல்லை என்றதும் கேட்டைச் சாத்தினார். ஒரு கிரானைட் கிடங்கில் இன்னொருவர் மிகவும் அக்கறையாக விசாரித்தார்.

"பைக் ரிப்பேரா சார்?"

"இல்ல, சும்மாதான் சைக்கிள்ல வந்தோம்."

"சும்மான்னா?"

நாற்பத்தாறு வயது ஆள் ஒருவன் ஒரு காரியத்தைச் சும்மா செய்தால் அவனைக் கண்காணிக்க வேண்டும் என்பதில் எல்லோரும் தெளிவாக இருக்கிறார்கள்.

நான்காவது, ஒரு டீக்கடை. நடத்துகிறவர் பெயர் காஞ்சனா. எங்களையும் மூட்டைகளையும் பார்த்தார். "வேண்டுதலாண்ணா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாம்மா, திருவண்ணாமலைக்கு" என்று வந்தது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் கடைக்குப் பின்னால் இடம் தயார். அவரே பெருக்கிக் கொடுத்தார். கூடாரத்தின் மூன்று கம்புகளில் ஒன்று ஈஜிபுராவில், அன்பு வீட்டில், துணி காயப்போடும் பணியில் இருந்தது தெரியவந்தது. அதற்குப் பதிலாக என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினோம். காஞ்சனாவின் கணவர் முனிரத்தினம் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். லாரி டிரைவர். ஒரு கண் போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னொன்றுக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். கயிற்றை என் கையிலிருந்து வாங்கினார்.

"இப்பிடியா கட்டுவாங்க? லோடு கவுந்துடும் சார்."

பார்க்காமலே கட்டினார். அந்த முடிச்சு காலை வரை அசையவில்லை.

விடியும் முன்பே காஞ்சனா டீயோடு ஒரு கற்பூரப் பொட்டலத்தையும் கொடுத்தார். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஏத்திடுங்கண்ணா. இவர் பேரச் சொல்லி ஏத்துங்க. இந்தக் கண்ணும் போச்சுன்னா வண்டிய வித்துட வேண்டிதுதான்."

நெடுஞ்சாலைக்கு வந்ததும் பெங்களூர்ப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். "ஓசூர் மலைக்கோயில்ல ஏத்திடலாம். சாமி எல்லா எடத்துலயும் இருக்காருன்னுதான சொல்றாங்க?"

அன்பு பௌத்தன். மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டில் கற்பூரம் வாங்கியதில்லை.

"எனக்கு சாமியே இல்ல மச்சா. ஆனா நீ சாமிகிட்ட சொல்லல, அந்தம்மாகிட்ட சொன்ன."

"சரி, பஸ்ல போலாம்."

"பஸ்ல போறேன்னா சொன்ன?"

கடவுள் இல்லாதவனோடு யாத்திரை போகக்கூடாது. விட்டுக்கொடுக்கவே மாட்டான்.

சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி 27 கிலோமீட்டர், அங்கிருந்து ஊத்தங்கரை 47, பிறகு செங்கம் வழியாகத் திருவண்ணாமலை. ஆக 135. காலை 5.40க்குத் தொடங்கினோம். நாள் முழுக்க எதிர்காற்று. செங்கத்துக்கு முன்னால் ஒரு கரும்பு லாரி நின்று, ஏறிக்கொள்ளச் சொன்னது. நான் அன்புவைப் பார்த்தேன். அவன் லாரியைக்கூடப் பார்க்கவில்லை.

மாலை 6.20க்குக் கோபுரத்தின் எதிரே நின்றோம். காற்று அங்கேயும் வந்திருந்தது. தீக்குச்சி ஒவ்வொன்றாக அணைந்தது. ஒன்பதாவது குச்சியில் அன்பு மூட்டையை அவிழ்த்து, கூடாரத் துணியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பேரச் சொல்லுடா, சீக்கிரம்."

"முனிரத்தினம்" என்றேன். பற்றிக்கொண்டது.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. நகரத்தைத் தாண்ட இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கூடாரக் கம்புகளைக் கிளம்பும் முன் எண்ணுங்கள். பன்னிரண்டு மீட்டர் கயிறு கட்டாயம். பேருந்துக் கூரையில் சைக்கிளுக்கு 150 ரூபாய் கேட்பார்கள், பேரம் பேசத் தெம்பு இருக்காது, கொடுத்துவிடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், மிதித்துப் போய்ச்சேரத் தயாராக இருக்கும் ஊரின் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

புதன்கிழமை அன்புவுக்குக் காஞ்சனாவிடமிருந்து போன். கட்டுப் பிரித்தாகிவிட்டது, தெரிகிறது. வீட்டுக்கு வந்தவர் நாங்கள் அவிழ்க்காமல் விட்டுவந்த கயிற்றைப் பார்த்து, "நானா இவ்ளோ கோணலா கட்டினேன்?" என்றாராம். கூடவே இன்னொரு செய்தி: எதிர்க்கடை அக்கா பொண்ணுக்கு வரன் அமையவில்லை, அண்ணனுங்க மறுபடி எப்போது போகிறார்கள்?

கூடாரத்தை உடனே விற்றுவிடலாம் என்றேன்.

"வேணாம்டா" என்றான் அன்பு. "காத்துக்கு வேணும்."