லேபிள் அக்காவின் நாத்தனார்

மருந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் எங்கள் கூடத்தில் அவள் பதினொரு வருடம் வேலை பார்த்தாள். எங்களுக்கு லேபிள் அக்கா. அவள் ஒட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருக்கட்டுமே.

புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "கண்ணு தெரியலன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே?" என்று கூடமே கேட்கக் கத்துவான். ஒருநாள் அவளுடைய ஸ்டூலையே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே ஒட்டினாள். எல்லோரும் பார்த்தோம். பார்க்காதது மாதிரி குனிந்துகொண்டோம்.

அவன் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பானோ என்று சாப்பாட்டு நேரத்தில்கூட எதையும் நேராகப் பேசமாட்டோம். எல்லாம் சொந்தக்காரர்களுக்கு நடந்ததாகத்தான் சொல்வோம்.

"என் நாத்தனாருக்குக் கால் வீங்கிப்போச்சு. அங்க ஒருத்தன் உக்காரவே விடமாட்டேங்கறான்" என்பாள் அக்கா.

அவள் வீட்டுக்காரர் ஒரே பிள்ளை, கூடப்பிறந்தவர்களே கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும், "வெந்நீர்ல கால வைக்கச் சொல்லு" என்போம். பாட்டிலுக்கு மூடி போடுகிறவள், "அந்த ஆளு நாசமாப் போவான்" என்று சபிப்பாள். சிரிப்போம். எனக்கும் அப்படி ஒரு சித்தி மகள் இருந்தாள். அவளை அவன் என்னவெல்லாம் சொன்னான் என்று எழுத மனம் வரவில்லை.

அக்கா வேலையில் மந்தம் என்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை மூன்று மணிக்கு மாடியில் விசாரணை. ஸ்டூலை அவன் எடுத்ததைப் பார்த்தேன் என்று யாராவது ஒருத்தி சொன்னால் போதும், வேலை தப்பிவிடும்.

அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"நாத்தனாருக்கு ஒரு சாட்சி வேணுமாம். யாராவது வருவாங்களான்னு கேட்டு அழறா."

அழுதது யார் என்றுதான் கண்ணெதிரே தெரிந்ததே. மூடி போடுகிறவள் தண்ணீர் குடித்தாள். நான்தான் வாயைத் திறந்தேன்.

"கவலப்படாதன்னு சொல்லுக்கா. கூட வேலை பாக்கறவங்க யாராவது வராமலா போயிடுவாங்க?"

அவள் என்னையே பார்த்தாள். மூன்று மணிக்குத் தனியாக மாடி ஏறினாள்.

அரை மணியில் இறங்கி வந்து டப்பாவைப் பையில் போட்டாள். வேலை போய்விட்டது. என் அருகில் வந்து நின்றாள்.

"ஆறு வருஷமா உன் பக்கத்துலதானே இருந்தேன்? எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் போன பிறகும் பாட்டில்கள் வந்துகொண்டே இருந்தன, நான் ஒட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே என்று வீடு போகும்வரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள்தான்.