சிட்டுக்குருவி தந்த நட்சத்திரங்கள்

அந்த மின்னஞ்சல் வந்தபோது அவள் ஒரு பீங்கான் தேநீர்க் குடுவையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் போதாது. வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய பனியன் துணி, குடுவையின் மூக்குக்குள் விட்டுத் தேய்க்க ஒரு பழைய டூத் பிரஷ். “கட்டின புருஷனை ஒரு நாளாவது இப்படிக் கவனிச்சிருக்கியா?” என்று லாரி ஓட்டும் அவள் கணவன் கேட்பான். “நீங்க கீழ விழுந்தா உடைய மாட்டீங்க” என்பாள் அவள்.

கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். அவள் பீங்கான் சாமான்களை விற்கும் ஏலத் தளத்திலிருந்து வந்திருந்தது. ‘சிட்டுக்குருவி’ என்ற பெயரில் ஏலம் கேட்பவர் அவளுடைய ஏலங்களில் மட்டுமே தலைகாட்டுகிறாராம், வேறெங்கும் காணோமாம். அவர் அவளுக்கு வேண்டியவராக இருப்பார் என்று ஒரு வாடிக்கையாளர் புகார் செய்திருக்கிறார். விற்பவரின் ஆட்களே ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிடுவது விதிகளுக்கு விரோதம். மூன்று நாளைக்குள் விளக்கம் வராவிட்டால் கணக்கு மூடப்படும்.

அவள் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

கணக்கு போனால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்கள் கேட்கலாம். அவர்களுக்கு அவள் கதை தெரியாது. அந்தக் குடியிருப்பில் அவள் மூன்றாம் மாடி டிரைவரின் மனைவி. கணக்கு வாத்தியாரின் மருமகள். மருந்துக்கடையிலும் செருப்புக்கடையிலும் காலி அட்டைப்பெட்டி கேட்டுக்கேட்டு வாங்கி வருவதால் பிள்ளைகளுக்கு ‘அட்டைப்பெட்டி ஆன்ட்டி’. அந்தத் தளத்தில் மட்டும்தான் அவள் யாருக்கும் மனைவியோ மருமகளோ இல்லை. வீடு காலி செய்கிறவர்களிடம் பழைய பீங்கானை வாங்குவாள். நகத்தால் சுண்டிப் பார்ப்பாள். கணீரென்றால் எடுப்பாள், சத்தம் அமுங்கினால் எங்கோ விரிசல் என்று வைத்துவிடுவாள். ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிடித்து, கண்ணுக்கே தெரியாத கீறலைக்கூட எழுதிப் போடுவாள். பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டி, காதோரம் குலுக்கிப் பார்த்து, உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை என்றானபின்தான் சிவப்பு டேப் ஒட்டுவாள். அதற்குக் கிடைத்த கூலி, அவள் பெயருக்குப் பக்கத்தில் நின்ற நூறு சதவீதம். மழையில் பார்சல் தாமதமானதற்கு விற்றவர் தலையில் ஒற்றை நட்சத்திரத்தைக் கட்டுகிற புண்ணியவான்கள் திரியும் உலகத்தில் நூறு சதவீதம் என்பது லேசுப்பட்ட காரியமா?

அந்த நூறுக்கு முதல் கல் வைத்தவரே சிட்டுக்குருவிதான். ஆரம்பத்தில் அவள் போட்ட ஆறு கோப்பைகளை முதல் தடவை ஒருவரும் சீந்தவில்லை. மறுபடி போட்டபோது எங்கிருந்தோ அவர் வந்தார், எடுத்தார், ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். கீழே எழுதியும் இருந்தார்: ‘பொருள் நேர்த்தி. கட்டிய விதம் அதைவிட நேர்த்தி. இவரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.’ மனசு சோர்ந்த நாளிலெல்லாம் அவள் அதை எடுத்துப் படித்துக்கொள்வாள். அப்படிப்பட்ட மனிதரையா சந்தேகப்படுகிறார்கள்!

புகார் செய்தது யார் என்பதையும் அவளால் ஊகிக்க முடிந்தது. குடுவைகள் சேர்க்கும் பல் டாக்டர் அம்மா. போன வாரம் ஒரு நீலப்பூக் குடுவைக்குச் சிட்டுக்குருவியோடு மல்லுக்கு நின்று, விலை எங்கேயோ போய், கடைசியில் எடுத்தவர்.

அவள் அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள், சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்துக்கொண்டிருந்த மாமனார் காதில் விழட்டும் என்றே. “சிட்டுக்குருவி யாரென்றே எனக்குத் தெரியாது. என் குடும்பத்தில் யாரும் ஏலம் கேட்டதில்லை. இது என் நாணயத்தின் மேல் சேறு பூசும் வேலை.”

மாமனார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு பிள்ளைக்கும் முழு மார்க் போட்டதில்லை. எல்லாம் சரியாக இருந்தால் கோடு கோணல் என்று ஒன்றைக் குறைப்பார். ஊரே அவருக்குத் ‘தொண்ணூத்தொம்பது’ என்று பெயர் வைத்திருந்தது. மருமகளின் வியாபாரத்தைப் பற்றி அவர் திருவாய் மலர்ந்தது ஒரே தடவை. “ஓட்டை உடைசலை எவன் காசு குடுத்து வாங்குவான்?”

இப்போது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “எதுக்கும்மா இவ்வளவு சூடா எழுதற? ‘எனக்குத் தெரிந்தவரை’ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோ.”

“தெரிஞ்சவரைக்கும் என்ன மாமா? என் வீடு எனக்குத் தெரியாதா?”

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் அனுப்பிவிட்டாள்.

அதற்குப்பின் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. அவள் சாப்பிடாததற்குக் காரணம் இருந்தது. மாமனார் ஏன் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துபோகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. கைப்பேசி சிணுங்கும்போதெல்லாம் அவர்தான் முதலில் திடுக்கிட்டார். “பதில் வந்துச்சா?” என்று அறை வாசலில் வந்து நிற்பார். இல்லை என்றால் திரும்பிப் போய்விடுவார். பாவம், மனுஷனுக்கு உள்ளுக்குள் நம்மேல் அக்கறை இருக்கிறது என்று அந்தக் கலவரத்திலும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அனுப்பவேண்டிய ஒரு சர்க்கரைக் கிண்ணத்தைக் கட்டிப் பிரித்தாள், மறுபடி கட்டினாள். குலுக்கினால் சத்தம் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்தா, தன் காதுக்குள்ளிருந்தா என்று அவளுக்கே தெரியவில்லை.

கெடுவுக்கு முன்பே பதில் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்களாம். புகார் முடித்து வைக்கப்பட்டதாம். நூறு சதவீதம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“மாமா! முடிஞ்சுது!” என்று கத்தினாள். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தோடு அவள் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சந்தோஷம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இராது. தன்னால் அந்தச் சிட்டுக்குருவிக்கும் அல்லவா அவமானம்? நேரில் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. பார்சல் அனுப்பும் முகவரிதான் இருக்கிறதே. அலமாரியிலிருந்து நல்லதாக ஒரு பால் ஜாடியை எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

நகரத்தின் மறுகோடியில், சைக்கிள் கடைக்கும் சலூனுக்கும் நடுவே இடுக்கில் ஒரு தையல் கடை. டெய்லர் கழுத்தில் டேப்போடு நிமிர்ந்து பார்த்தார்.

“சிட்டுக்குருவிங்கற பேர்ல ஏலத்துல பீங்கான் வாங்கறது நீங்கதானே?”

டெய்லர் சிரித்துவிட்டார். “நானா? எனக்கு டீ கிளாஸே போதும்மா. அது எங்க கணக்கு சார். என்னை ரெண்டு வருஷம் ஃபெயில் போட்டவர். இப்ப அவர் பார்சலுக்கெல்லாம் என் கடைதான் குடோன்.” தலைக்குமேல் கை காட்டினார்.

நூல்கண்டுப் பலகைக்கு மேலே அவளுடைய பெட்டிகள் அடுக்கியிருந்தன. மருந்துக்கடைப் பெட்டி, செருப்புப் பெட்டி, எல்லாவற்றிலும் சிவப்பு டேப். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“ஏன் பிரிக்கல?” என்று கேட்டாள்.

“நானும் கேட்டேன். ‘மருமக கட்டினதுடா. பிரிச்சா திரும்ப அந்த மாதிரி கட்ட நம்மால ஆகாது’ன்னார்.” டெய்லர் சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். “நீங்க…?”

அவள் கொண்டுவந்த பால் ஜாடியைத் தையல் மிஷின் மேல் வைத்தாள். எந்தப் பெட்டி பழசு என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. என் கண் நல்ல கண், என் கை நல்ல கை என்று இத்தனை நாள் நிமிர்ந்து நடந்தாளே, அதெல்லாம் வீட்டுக்குள்ளேயே சமைத்துப் பரிமாறிய பெருமையா? அதைவிடக் குத்தியது இன்னொன்று. அவள் எழுதி அனுப்பிய விளக்கம் பொய். தெரியாமல் சொன்ன பொய்தான். ஆனால் இந்த நிமிஷத்திலிருந்து தெரிந்தே சொல்லும் பொய்.

மாமனார் பேப்பரில் எண் புதிர்க் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அவள் பெட்டியை அந்தக் கட்டத்தின் மேலேயே வைத்தாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“அந்த ஆறு கோப்பையை யாரும் கேக்கல இல்ல, அன்னிக்கு” என்று ஆரம்பித்தார். “சமையலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு நீ அழுதே. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைச்சே.”

அவள் நின்றபடியே இருந்தாள்.

“விலையை ஏத்தணும்னு இல்லம்மா. ஒருத்தன் கேட்டாத்தானே அடுத்தவன் கேப்பான்? யாராவது தொடங்கி வெச்சா…”

“அந்த அடுத்தவங்க உங்களால அதிகம் குடுத்தாங்களே மாமா. அது?”

கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கணக்குத் தெரியாமலா இருக்கும்? தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அதான் ஏத்துக்கிட்டாங்களே. முடிஞ்சதைக் கிளறாதே. இனிமே நான் அந்தப் பக்கமே போகல.”

கணவனைக் கூப்பிட்டாள். எங்கோ நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்திப் பேசினான். முதலில் சிரித்தான், அப்பாவா என்று வாயைப் பிளந்தான், கடைசியில் அவனும் அதையே சொன்னான். “விட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?”

விட்டுவிடத்தான் நினைத்தாள். இதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், அவள் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுத்த ஏலத்துக்குப் படம் எடுக்கக்கூட உட்கார்ந்துவிட்டாள். அப்போது பல் டாக்டரிடமிருந்து செய்தி வந்தது.

‘என் புகார் ஆதாரமற்றது என்று தளத்திலிருந்து தெரிவித்தார்கள். உங்களைத் தவறாக நினைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.’

உண்மையைச் சொன்னவர் மன்னிப்புக் கேட்கிறார். அதை வாங்கி வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? அவள் மாமனார் அறைக் கதவைத் தட்டி, கைப்பேசியை அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அவர் உதடு துடித்ததை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள்.

“எழுதும்மா” என்றார். “நான் பக்கத்துல நிக்கறேன்.”

எழுதினாள். தளத்துக்கு ஒன்று, பல் டாக்டருக்கு ஒன்று. சிட்டுக்குருவி என் மாமனார். எனக்கு அப்போது தெரியாது, இப்போது தெரியும். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது விரல் அந்தரத்தில் நின்றது. மாமனார் இன்னும் ஓர் அடி பக்கத்தில் வந்து நின்றார். அழுத்தினாள்.

மறுநாள் அவள் பக்கத்தைத் திறந்தால், அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. நட்சத்திரங்கள், நூறு சதவீதம், முன்பின் தெரியாத ஜனங்கள் எழுதிய நல்ல வார்த்தைகள், எல்லாம் துடைத்துப் போட்டாற்போல் போய்விட்டன. சிட்டுக்குருவியால் அதிகம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மாமனார் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தந்தார். அவர் பென்ஷனிலிருந்தே போயிற்று. பல் டாக்டர் பணத்தைப் பெற்றுக்கொண்டார். ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று அவளுக்கு இன்றுவரை தோன்றும்.

தண்டனைக் காலம் முடிந்து, புதிதாகக் கணக்குத் தொடங்கலாம் என்று தளம் அனுமதித்தபோது அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைப் பிரித்தாள். முதல்முதல் யாரும் சீந்தாத அதே ஆறு கோப்பைகள். சுண்டினாள். ஆறும் கணீரென்றன. அவற்றையே ஏலத்துக்குப் போட்டாள். தன் கண் நல்ல கண்தானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏலம் முடிகிற நேரம். மாமனாரின் கைப்பேசியை அவளே வாங்கி ஃபிரிட்ஜின் தலையில் வைத்தாள். இருவரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். திரையில் நேரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருவர் வந்து பார்த்தார், போனார். இன்னொருவர் பார்த்தார். மாமனாரின் பார்வை ஃபிரிட்ஜுக்குப் போய்ப் போய் வந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பரீட்சை ஹாலில் பிள்ளைகளை உட்காரவைப்பாரே அப்படி. கடைசி நிமிஷம். அதுவும் போயிற்று.

ஏலம் முடிந்தது. கேட்டவர் யாருமில்லை.

“பரவால்ல மாமா” என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் வாசலில் வந்து நின்றார். அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி, பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி விறைப்பாகச் சொன்னார். “பொருள் நேர்த்தி. கட்டிய விதம் அதைவிட நேர்த்தி. இவரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. “இதை வாயால சொல்ல இத்தனை நாளா மாமா?”

“டைப் பண்றது ஈஸிம்மா.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “சரி, எத்தனை மார்க்?”

“தொண்ணூத்தொம்பது.”

“அந்த ஒண்ணு எங்க போச்சு?”

அவர் குழாயைக் காட்டினார். “தண்ணி வீணாப் போகுது பாரு.”