ஒரு வயது கூடுதல்

வழக்கறிஞர் மும்தாஜ் மாரடைப்பால் இறந்த செய்தியை அவருடைய குமாஸ்தா தொலைபேசியில் சொன்னார். அதே மூச்சில், “சேகர் கேஸ் கட்டை யார்ட்டங்க குடுக்கிறது?” என்றும் கேட்டார். துக்கத்தை விட அந்தக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது.

மும்தாஜை இந்தக் கரையில் எல்லோரும் அறிவார்கள். கடலில் எல்லை தாண்டியதாக அக்கரையில் பிடிபடும் நம் பிள்ளைகளுக்காக, அங்குள்ள வக்கீல்களுக்கு மனு எழுதி அனுப்பியவர். பதினெட்டு நிறையாதவரைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்கக் கூடாது என்று இரு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கை அவருக்கு மனப்பாடம். “சட்டம் எல்லைய தாண்டும்கிறாங்க டீச்சர். நம்ம தபாலே தாண்ட மாட்டேங்குது” என்பார்.

சென்ற ஆண்டு, அப்படிப் பிடிபட்ட என் பழைய மாணவன் சேகரின் பள்ளிச் சான்றிதழோடு திருமயத்தில் என் வீட்டுக்கு வந்தார். பிடிபட்டபோது பையனுக்குப் பதினேழு, சான்றிதழ்படி பதினெட்டு. வேறு பிறப்புப் பதிவு கிடையாது. தலைமையாசிரியையாக அதில் கையெழுத்திட்டவள் நான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த அன்று, தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னேன், எட்டியது. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐந்து என்று எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

“எல்லாப் பள்ளியிலும் அப்படித்தானே?” என்றேன்.

“தெரியும். எனக்கும் ஒரு வயசு கூடத்தான் போட்டாங்க. நான் சீக்கிரம் வக்கீலானேன். அவன் சீக்கிரம் கைதியாயிட்டான்.”

தவறை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இன்றைய நினைவை விட அன்றைய பதிவேடே நம்பத்தக்கது என்றது அக்கரை நீதிமன்றம். மும்தாஜ் சிரிக்காமல் சொன்னார்: “ஒங்க கையெழுத்து ரொம்ப அழகு டீச்சர். அதான் நம்பிட்டாங்க.”

இப்போது சேகருக்கு உண்மையாகவே பதினெட்டு முடிந்துவிட்டது. பிடிபட்ட நாளின் வயதே செல்லும் என்று வாதாட மும்தாஜ் இல்லை. அடக்கத்துக்கு வந்திருந்த சேகரின் தாய் காளியம்மாள் அழவில்லை. “இனி யாருங்க டீச்சர் எழுதுவாக?” என்று மட்டும் கேட்டாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

கட்டு என்னிடம் இருக்கிறது. மும்தாஜிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். மேல்முறையீட்டு வரைவின் கடைசி வரி, “வயதில் ஐயம் எழுமாயின்” என்று நிற்கிறது. கீழே வெற்றுத்தாள். அதை முடிக்க எனக்குச் சட்டம் தெரியாது. வயதை எழுத மட்டுமே தெரியும்.