ஆண்டு விழாவில் பேசிய குதிரை

குதிரை பேசும் என்று அந்த நாடகத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பக்கத் திரைக்குப் பின்னால் வசனத் தாளோடு நின்று, மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் ப்ராம்ப்டிங் வேலை என்னுடையது.

அறுபதுகளில் செஞ்சியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற ஒரு ஹையர் எலிமெண்டரி பள்ளியில் எனக்கு வேலை. எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேல் படிக்க ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு டி.ஐ. வருவதாக இருந்தார். பள்ளிகளைப் பார்வையிடும் டெபுடி இன்ஸ்பெக்டர் என்பதால் எச்.எம். ஒரு மாதமாகவே நிலைகொள்ளாமல் இருந்தார். அமாவாசை அன்று விழா வைத்தால் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று தேதியை மாற்றினார். "நாடகம் மட்டும் சொதப்பிடக் கூடாதும்மா, உங்க பொறுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

1. வேஷம் பிரித்தது

நாடகத்தை எழுதியது எங்கள் தமிழய்யா. ஒரு கோட்டை, ஒரு ராஜா, அவன் தங்கை. ராஜா சண்டைக்குப் போகிறான். குதிரை மட்டும் திரும்பி வருகிறது. தங்கை அந்தக் குதிரையிடம் அண்ணனைக் கேட்டுப் புலம்புகிறாள். நாடகத்தின் உயிரே அந்தக் காட்சிதான்.

தங்கை வேஷத்துக்கு எட்டாம் வகுப்பு சரோஜாவை விட்டால் ஆள் இல்லை. நல்ல குரல், நல்ல ஞாபகம். அவள் அப்பாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. நான் கடைக்கே போய்க் கேட்டேன்.

"பொண்ண மேடை ஏத்தறதெல்லாம் எங்க வழக்கம் இல்ல டீச்சர். எட்டாவதோட நிறுத்திடலாம்னு ஊட்ல பேச்சு. நீங்க வந்து கேக்கறதால உடறேன். ஒரு பேச்சு வந்துச்சுன்னா அப்பவே நின்னுடுவா, பாத்துக்குங்க."

சரோஜா அன்று என்னிடம் தனியாக வந்து, "நல்லா பண்ணிட்டா நைனா ஹைஸ்கூலுக்கு அனுப்புவாரா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. "மொதல்ல நல்லா பண்ணு" என்றேன்.

குதிரைக்கு இரண்டு பையன்கள் வேண்டும். டிராயிங் மாஸ்டர் மூங்கில் பிளாச்சில் தலை கட்டி, காகிதம் ஒட்டி வெள்ளை அடித்துக் கொடுத்தார். உடம்புக்குக் கோணி. பின்பாதிக்கு காசி என்ற குண்டுப் பையன் கிடைத்தான். முன்பாதிக்கு யாரும் வரவில்லை. தலைக்குள் முகம் தெரியாது, பேச்சும் கிடையாது, யார் வருவார்கள்?

ஏழாம் வகுப்பு ஏழுமலை எழுந்து நின்றான். அவலூர்பேட்டை சாலையில் ஒரு கிராமத்திலிருந்து நடந்து வருகிற பையன். கேட்டால் மட்டும் பேசுவான். அவனைப் படைத்தளபதியாகப் போட்டிருந்தேன். வசனம் உண்டு, அட்டைக் கத்தியும் உண்டு.

"டீச்சர், நான் குதிரையா இருக்கறேன்."

"கத்தி வேணாமாடா?"

"வேணாம் டீச்சர்."

அடக்கமான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

2. ஒத்திகை

தினமும் சரோஜா குதிரையின் முன்னால் மண்டியிட்டு, "வேகம் குன்றாத வெண்புரவியே, தனியாக வந்தாயே, என் அண்ணன் எங்கே?" என்று ஆரம்பிப்பாள். வசனம் ஒரு பக்கத்துக்கு ஓடும். மற்ற பிள்ளைகள் தங்கள் காட்சி முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு விளையாடப் போய்விடுவார்கள். குதிரைத் தலை மட்டும் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காசி கோணிக்குள்ளிருந்து கத்தினான்: "டீச்சர், ஒத்திகை முடிஞ்சும் இவன் நிமிர மாட்டேங்கறான்! என் இடுப்பு போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை தலையைக் கழற்றினான். வெயிலில் நின்றவன் மாதிரி முகம் சிவந்து கிடந்தது. சரோஜா போகிற பக்கம் பார்த்துவிட்டு, நான் பார்ப்பது தெரிந்ததும் மறுபடியும் தலையை மாட்டிக்கொண்டான். கத்தி ஏன் வேண்டாம் என்றான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

3. மேடை

விழா சாயங்காலம். மைதானம் நிறைய ஜனம். முதல் வரிசையில் டி.ஐ., பக்கத்தில் எச்.எம்., இரண்டு நாற்காலி தள்ளிச் சரோஜாவின் அப்பா.

குதிரை தனியாக வந்து நின்றது. சரோஜா ஓடி வந்து மண்டியிட்டாள். நிமிர்ந்தபோது நேர் எதிரே அப்பாவைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், வாய் அடைத்துவிட்டது.

"வேகம் குன்றாத..." என்று நான் எடுத்துக் கொடுத்தேன். மைக் செட் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. சத்தம் கூட்டிச் சொன்னேன். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் சிரிக்க ஆரம்பித்தன. அவள் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

அப்போது குதிரை பேசியது.

"இளவரசியே, நான் தனியாக வந்திருக்கிறேனே! உங்கள் அண்ணன் எங்கே என்று கேட்கமாட்டீர்களா?"

கூண்டுத் தலைக்குள்ளிருந்து வந்ததால் குரல் கனத்து ஒலித்தது. எதிரே தொங்கிய மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது.

"அய்ய, குதிர பேசுதுடி!" என்றாள் ஒருத்தி.

சிரிப்பு நின்றுவிட்டது. சரோஜா ஒரு கணம் குதிரையைப் பார்த்தாள். பிறகு, "வேகம் குன்றாத வெண்புரவியே..." என்று தொடங்கினாள். வசனம் தடையில்லாமல் வந்தது. அவள் அப்பா உட்கார்ந்தார்.

எனக்கு மூச்சு வந்தது. தாளில் அடுத்த வரியைப் பார்த்தேன், மறுபடியும் போய்விட்டது. 'வாயில்லாப் பிராணி நீ, உன்னால் எப்படிச் சொல்ல முடியும்?' என்று இருந்தது. இப்போதுதானே ஊரறியப் பேசியிருக்கிறது! அவள் அதைச் சொன்னால் மைதானமே சிரித்துவிடும்.

சரோஜா அந்த இடத்தில் நிறுத்தினாள். எழுந்து குதிரையின் கழுத்தில் கை வைத்தாள்.

"இவ்வளவு பேசிய நீ, இதற்கு மட்டும் பதில் சொல்லாமல் நிற்கிறாயே. புரிந்துவிட்டது. என் அண்ணன் இனி வரமாட்டான்."

குதிரை மெதுவாகத் தலையைத் தாழ்த்தியது. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் கண்ணும் கலங்கிவிட்டது.

4. திரைக்குப் பின்னால்

முதலில் தமிழய்யா வந்தார். "என் நாடகத்தில் குதிரையைப் பேசவைத்தது யார்?" என்று குதித்தார். அவர் பின்னாலேயே டி.ஐ. வந்து, "குதிரையப் பேச வெச்சீங்களே, அதான் பிரமாதம் ஐயா" என்றார். தமிழய்யா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "ஏதோ, தோன்றியது" என்றார்.

அடுத்துச் சரோஜாவின் அப்பா வந்தார். ஏழுமலை தலையைக் கையில் வைத்துக்கொண்டு வியர்வை வழிய நின்றிருந்தான்.

"நீதானாடா குதிர? எம் பொண்ணு வசனம் உனக்கு எப்பிடிடா தெரியும்?"

ஏழுமலை குதிரைத் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா முன்னால் வந்தாள்.

"நான்தான் நைனா கத்துக்கச் சொன்னேன். ஒருவேள மறந்துட்டா எடுத்துக் குடுன்னு."

அது பொய். ஒத்திகையில் அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. ஏழுமலை அவளைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம்தான் இருந்தது.

பாத்திரக்கடைக்காரர் மகளையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். "முன்யோசனையாத்தான் இருந்துகிறா" என்றார். பிறகு, "சோடா குடிக்கிறியாடா?" என்று அவனைக் கேட்டார். கோணிக்குள்ளிருந்து, "எனக்கும்!" என்றான் காசி.

டி.ஐ. போகும்போது சரோஜாவின் அப்பாவிடம், "இந்தப் பொண்ண நிறுத்திடாதீங்க, படிக்க வைங்க" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஜூன் மாதம் சரோஜா ஹைஸ்கூலில் சேர்ந்தாள்.

5. அடுத்த வருஷம்

மறு வருஷ நாடகத்தில் ஏழுமலைக்கு ராஜா வேஷம் கொடுத்தேன்.

"வேணாம் டீச்சர்."

"ஏன்டா, இன்னா வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம் டீச்சர். இந்த வருஷம் சும்மா இருக்கறேன்."

நான் அதற்கு மேல் துருவவில்லை. வசனத் தாளை அவன் கையில் கொடுத்து, ப்ராம்ப்டிங் பார்க்கச் சொன்னேன். அவன் என்னைவிட நன்றாகச் செய்தான். மேடையில் நிற்கிறவன் முகம் மாறும்போதே வார்த்தையை அனுப்பிவிடுவான்.

விழாவுக்குச் சில நாள் முன்பு சரோஜா ஹைஸ்கூல் விட்டுப் போகிற வழியில் எங்கள் பள்ளி வாசலில் நின்றாள். ஹைஸ்கூல் கணக்குப் பாடம் பற்றி என்னென்னவோ சொன்னாள். கிளம்பும்போது, "குதிர நல்லா இருக்குதா டீச்சர்?" என்றாள்.

"இருக்குது. இந்த வருஷம் எல்லாருக்கும் எடுத்துக் குடுக்குது."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

உள்ளே போய் ஏழுமலையிடம், "சரோஜா வந்தா. குதிரையக் கேட்டா" என்றேன். அவன் தாளைப் பார்த்துக்கொண்டே, "சரி டீச்சர்" என்றான். ஆனால் அன்று முழுக்க எல்லோருக்கும் ஒரு வரி முன்னாலேயே எடுத்துக் கொடுத்து ஒத்திகையைக் குழப்பினான்.

புதிதாக வேலைக்கு வருகிற டீச்சர்கள், வகுப்பில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்பதுண்டு. கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், வீட்டுக்குச் சொல்லி அனுப்பாதீர்கள், ஸ்டாஃப் ரூமில் சிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல வேலை கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். மீதியை அவர்களே அழகாகப் பார்த்துக்கொள்வார்கள்.