கங்காணியும் கொழுந்துக் கூடையும்

எங்கள் வீட்டில் கீரியைக் கீரி என்று சொல்லக்கூடாது. குஞ்சுக்கோழி நிற்கிற வளவில் அந்தப் பெயரை எடுத்தால் கூப்பிட்டதுபோல வந்து நிற்கும் என்பது மனைவியின் முடிவு. விறகுக்குக் காட்டுக்குள் போகிறவர்கள் யானையைப் ‘பெரியவர்’ என்பார்களே, அதே மரியாதைதான். அவா வைத்த பெயர் ‘மாப்பிள்ளை’. கோழி என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுவாராம்.

வேலிக்கு அங்கால், பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு அது ‘கங்காணி’. மலையகத்திலிருந்து ஜெயபுரத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின குடும்பம் அவாவுடையது. அங்கே தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி, பறித்த கொழுந்தை நிறுக்கிறவர்தான் கங்காணி. “ரெண்டு காலுல நின்னுகிட்டு, யாரு வேல செய்யுறா, யாரு சும்மா இருக்கான்னு பாக்குறத பாருங்கண்ணே,” என்பா.

கனடாவில் இருக்கிற மகள் போனில் வேறொரு கதை சொன்னாள். அங்கே இதைப்போல ஒன்றுக்குப் ‘பெரட்’ என்று பெயராம், கழுத்தில் பட்டி கட்டி வீட்டுக்குள்ளேயே வளர்க்கிறார்களாம்.

“வளர்ப்பினம்தானே. அவையளிட்டக் கோழி இல்லை,” என்றா தாய்.

பகிடியெல்லாம் குஞ்சு காணாமல் போகும்வரைக்கும்தான்.

மனைவியைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வயலில் இறங்கவே கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். களை பிடுங்குவதில் எல்லாரையும் முந்துகிற மனுசி, நாள் முழுக்கக் கதிரையில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. அடைவைத்த கோழி பதினொரு குஞ்சு பொரித்த அன்றுதான், கையில் குறுணலோடு முற்றத்துக்கு இறங்கினா. நாலாம் நாள் ஒரு குஞ்சைக் காணவில்லை. கிழமை முடிய ஆறுதான் மிச்சம். அந்த ஆறும் போனால் இவா திரும்பவும் கூரையைப் பார்க்கப் போய்விடுவா என்பதுதான் என்ர பயம்.

“நஞ்சு வைப்பம்,” என்றா ஒருநாள்.

அது வேலிக்கு அங்கால் கேட்டுவிட்டது. தங்கச்சி ஓடி வந்தா. கீரி குட்டி போட்டிருந்தது அவாவின் விறகுக் குவியலுக்குக் கீழேதான்.

“வேணாங்கக்கா! போன மாரியில புடையன் பாம்பு கடிச்சு நான் ஆஸ்பத்திரியில கெடந்தத மறந்துட்டீங்களா? இது வந்த பெறகுதான் பயமில்லாம வெறகு எடுக்குறேன்.”

“அப்ப என்ர குஞ்சுகளுக்கு ஆர் பொறுப்பு? உங்கட கங்காணியை நீங்களே கட்டி வையுங்கோ!”

“ஒங்க மாப்பிள்ளைய நான் எப்புடிக்கா கட்டி வைக்கிறது?”

நான் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பி முறைத்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

அடுத்த நாள் விடிய, தங்கச்சி ஒரு கூடையோடு வந்தா. போன வருசம் அட்டன் பக்கம் கலியாணத்துக்குப் போனபோது, பெரியம்மாவின் பழைய கொழுந்துக் கூடையை மடியில் வைத்தபடி பஸ்ஸில் கொண்டுவந்தவ. நெல் விளைகிற ஊரில் கொழுந்துக் கூடை எதற்கென்று அன்றைக்கு நாங்கள் எல்லாரும் பகிடி பண்ணினோம். அதை முற்றத்தில் கவிழ்த்து, தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் உள்ளே விட்டு, மேலே ஒரு செங்கல்லை வைத்தா.

“நீங்க பக்கத்துல ஒக்காந்திருக்கப்ப தொறந்து விடுங்கக்கா. எந்திரிச்சுப் போறப்ப மூடிருங்க.”

மனைவி என்னைப் பார்த்து, “கதிரையைத் தூக்கிக்கொண்டு வாங்கோ,” என்றா.

மத்தியானம் அவா தண்ணி குடிக்கக் குசினிக்குள் போன நேரம் பார்த்து ஆள் வந்தார். கூடையை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு இரண்டு காலில் எழும்பி நின்று, பின்னலின் இடுக்கால் உள்ளே பார்த்தார். உள்ளே கோழி சிலிர்த்துக்கொண்டு நின்றது.

“அக்கோ, ஓடியாங்க! கங்காணி கொழுந்து நிறுக்க வந்திருக்காரு!” என்று வேலிக்கு அங்காலிருந்து சத்தம்.

மனைவி கதவு வாசலில் நின்று, தையல் போட்ட இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தா. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். நஞ்சுக் கதை அதோடு நின்றது.

ஆறும் இப்போது இறகு வைத்துவிட்டன. கூடையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மனைவி இன்னொரு கோழியை அடைவைத்திருக்கிறா. கதிரையும் முற்றத்தில்தான் கிடக்கிறது.